எனக்கு முன்னால் நிற்கும் சகலை

என் சகலையைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவன் நல்லவன். அதுதான் தாங்கவில்லை.

இருவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை செய்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கு என்ஜின் பூட்டுகிற லைன். உருளைகளின் மேல் என்ஜின் ஒவ்வொரு ஆளிடமாக நகர்ந்து வரும். ஆளுக்கு ஒரு இடம், ஒரு வேலை. அந்த இடத்தை ஸ்டேஷன் என்போம். என் ஸ்டேஷனில் மேக்னட் மாட்டும் வேலை. என்ஜினின் இடது பக்கத்தில் கிராங்க் தண்டின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காந்தம் பதித்த கனமான கிண்ணம் ஒன்றைச் செருகி, மேலே தொங்கும் முடுக்கு மெஷினை, கன் என்போம் அதை, இழுத்து நட்டை இறுக்க வேண்டும். அந்தக் கிண்ணம் சுற்றினால்தான் பிளக்கில் பொறி வரும். ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

எனக்கு முந்தின ஸ்டேஷனில் சகலை நிற்கிறான். அவன் ஏதோ சில்லறைச் சாமான்களைப் பொருத்தி என் பக்கம் தள்ளிவிடுவான். அது என்ன என்று நான் உற்றுப் பார்த்ததில்லை. என் வேலை பெரிய வேலை, அவன் வேலை சின்ன வேலை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன். என் மனைவி கெலமங்கலத்துக்காரி. கம்பெனி பஸ்ஸில் பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. மாமனார் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார், தாலுகா ஆபீசில் அதிகாரியிடம் பேசுகிற மரியாதையோடு. வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள. அதற்கு மேல் பேச்சு நகராது.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் வீட்டு இளைய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் தேன்கனிக்கோட்டை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், என் லைனிலேயே வேலை. எப்படிப்பட்டவன் என்று மாமனார் என்னிடம்தான் விசாரித்தார். “தங்கமான பையன் மாமா” என்று சொன்னவன் நான். என் வாயாலேயே சர்டிபிகேட் கொடுத்து வரவழைத்த வினை அது.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனும் மாமனாரும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமனாருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனை அவர் ‘அல்லுடு’ என்று கூப்பிட்டார். தெலுங்கில் மாப்பிள்ளைக்கு அதுதான் வார்த்தை. அவனை வாய் நிறைய அப்படிக் கூப்பிடுகிறவர், மூத்தவனான என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மாப்ள என்றால் விருந்தாளி. அல்லுடு என்றால் வீட்டு ஆள். எனக்கு அப்படித்தான் பட்டது.

மனைவியிடம் சொன்னேன்.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. உங்களுக்குத் தெலுங்கு தெரியாதுன்னுதான் தமிழ்ல கூப்பிடறாரு” என்றாள்.

“அப்ப நான் தெலுங்கு கத்துக்கவா?”

“மொதல்ல அங்க வந்தா சிரிக்கக் கத்துக்கோங்க. அப்பறம் தெலுங்கு.”

இப்படியே நாலு வருடம் ஓடியது. போன வருடம் ஒரு ஞாயிறு, களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமனார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் பழைய நூறு சிசி வண்டி ஒன்று உண்டு. கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிப் போவது அதில்தான். புகை கக்க ஆரம்பித்து, மேடு ஏறாமல் நின்றுவிட்டது. பத்து நாளாக டவுன் பஸ்ஸில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நீங்க இஞ்சின் பூட்டறவருதான. நம்ம வண்டிய கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்களா?”

கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. நான் பூட்டுவது ஒரே ஒரு நட்டு என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவனும் அந்த லைனில்தானே இருக்கிறான், அவனைக் கேட்காமல் என்னைக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருந்தது.

“குடுங்க மாமா, ரெண்டு ஞாயித்துக்கெழமைல புது வண்டியா தந்துருவேன்” என்றேன்.

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த சகலை, “நானும் வரட்டாண்ணா? ஒரு கை புடிக்கறேன்” என்றான்.

“எதுக்குய்யா ரெண்டு பேரு? ஒரு ஆள் போதும்” என்றேன். அவன் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பிரித்தேன். சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த உள்சுவரைக் கடைந்து போர் அடித்து வாங்கினேன். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். ஒவ்வொன்றுக்கும் போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து மாட்டினேன். ரிங்கின் வாய் எந்தப் பக்கம், வால்வுக்கு இடைவெளி எவ்வளவு, ஒன்றும் எனக்குத் தெரியாது. லைனில் அதெல்லாம் வேறு யாரோ செய்வது. மேக்னட்டுக்கு வந்தபோதுதான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அங்கே எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிண்ணத்தைச் செருகி, நட்டைப் போட்டு, ரெஞ்சை மாட்டி ஒரே மூச்சில் இறுக்கினேன். மனைவி டீ கொண்டுவந்து நின்றாள். “பாரு, இதான் நம்ம வேலை” என்று காட்டினேன். அவளும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்து உதை, இருபது உதை. பிளக்கைக் கழற்றி, என்ஜின் மேல் ஒட்டிப் பிடித்து உதைத்துப் பார்த்தேன். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தது. பெட்ரோல் வருகிறதா என்று குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன், வந்தது. பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்து உதைத்தேன். காற்று விரலைத் தள்ளியது. பொறி, பெட்ரோல், காற்று மூன்றும் இருக்கின்றன. மூன்றும் இருந்தால் எந்த வண்டியும் எழுந்துதான் ஆக வேண்டும். இது எழவில்லை. நடுநடுவே சைலன்சரில் டப்பென்று வெடித்தது. ஒரு தடவை கிக்கர் திருப்பி அடித்து, முட்டிக்குக் கீழே எலும்பில் பட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கன்னடத்தில் ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

மதியம் சகலை வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. என் மனைவி தங்கையிடம் சொல்ல, தங்கை அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வரும்போதே புது பிளக் ஒன்றும், பிள்ளைகளுக்கு ஒரு பை கொய்யாவும் வாங்கி வந்திருந்தான். அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் அவன் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடுதான் போவேன்.

அவன் பிளக்கை மாற்றினான். கார்பரேட்டரைக் கழற்றி, துளை துளையாக ஊதி, திரும்ப மாட்டினான். இருவரும் மாறி மாறி உதைத்தோம். தெருவில் தள்ளிக்கொண்டு ஓடியும் பார்த்தோம். டப், டப் என்று வெடித்ததே தவிர எழவில்லை. அவன் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்தான்.

“பொறி நேரம் மாறி வர்ற மாதிரி கீதுண்ணா. மேக்னட் கவர ஒரு தபா தொறந்து பாக்கலாமா?”

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “எட்டு வருசமா அதைத்தான்யா மாட்டுறேன். எங்கிட்டயே அதைக் கேக்குறியா?”

“சரிதாண்ணா, அது உங்க வேல” என்று எழுந்துகொண்டான். என் மனைவி கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு சிறிது நேரம் விளையாடிவிட்டுப் போனான்.

சாயங்காலம் மாமனார் போன் செய்தார்.

“வண்டி ஆச்சுங்களா மாப்ள?”

“ஆகிருக்கும் மாமா. நடுவுல தம்பி வந்து கார்பரேட்டர்ல கைய வச்சுட்டாரு. அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆகுற மாதிரிதான் இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. “சரிங்க மாப்ள. வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பாருங்க. ஆவலன்னா டெம்போ அனுப்பறேன், இங்க மெக்கானிக்கு ஒருத்தரு கீறாரு” என்று வைத்துவிட்டார். அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டெம்போ வந்து என் வாசலில் அந்த வண்டியை ஏற்றுகிற காட்சி அந்த வாரம் முழுக்கக் கண்ணிலேயே நின்றது. என்ஜின் பூட்டுகிற மாப்பிள்ளை வீட்டிலிருந்து, பிரித்துப் போட்ட வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு மாமனார் என்னிடம் எதைக் கேட்பார்? சாப்பிடுங்க மாப்ள என்பார். அதோடு சரி. வேலையிலும் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்தால் கார்பரேட்டர், காயில், ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவேன். மேக்னட் கவரை மட்டும் தொடவில்லை. அவன் சொன்ன இடம் அது.

புதன்கிழமை முதல் ஷிப்டில் ஏதோ சாமான் வரவில்லை என்று லைன் கொஞ்ச நேரம் நின்றது. சூப்பர்வைசர் சகலையின் ஸ்டேஷனில் வந்து நின்று கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அவன் ஏதோ சொல்ல, அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். எனக்கு எட்டு வருடமாக அவர் வணக்கம் சொன்னதே இல்லை. எல்லா மொழியும் இவன் வாயில் எப்படித்தான் வருகிறதோ என்று வெந்துகொண்டே அவனைப் பார்த்தேன். லைன் ஓட ஆரம்பித்தது. கண்ணை எடுக்கப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் ஆளை அப்படி வெறுத்துப் பார்த்தால் அவன் கையும் கண்ணில் படும்.

அவன் பேசிக்கொண்டே, பக்கத்து டப்பாவில் கையை விட்டு, நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்றை எடுத்தான். ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் அரை வட்டமாக இருந்தது. கிராங்க் தண்டில் இருந்த சின்னப் பள்ளத்தில் அதை வைத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்து, என்ஜினை என் பக்கம் தள்ளினான்.

அது கீ. மேக்னட் கிண்ணம் தண்டின் மேல் இந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் கிண்ணம் எந்தப் பக்கம் திரும்பியும் உட்காரும், நட்டு இறுகிவிடும், பொறியும் வரும். வர வேண்டிய நேரத்தில் மட்டும் வராது. எட்டு வருடமாக என்னிடம் வந்த எல்லா என்ஜினிலும் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. முன்பு வேறொருவர் வைத்தார். இந்த நாலைந்து வருடமாக அவன் வைக்கிறான். அதனால் மாமனாரின் வண்டியிலும் என் கை நேராகக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு என்பதே என் கைக்குத் தெரியாது.

என்ஜின் என் முன்னால் வந்து நின்றது. நான் கன்னைத் தொடவில்லை. “அண்ணா” என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் நட்டை எடுத்தேன். கோளாறு தெரிந்துவிட்டதே என்று மனசு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இவன் கையில் போயா அது இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. சாமான் கழுவிய மண்ணெண்ணெய் டப்பா படிக்குக் கீழேயே இருந்தது. அடியில் தேங்கிய கறுப்புச் சேற்றில் விரலை விட்டுத் துழாவினேன். கீ கிடைத்தது. பிரிக்கும்போது கழன்று விழுந்திருக்கிறது. நான் தேடவே இல்லை. கவரைத் திறந்து, கிண்ணத்தை இழுத்து எடுத்து, பள்ளத்தில் கீயை வைத்தேன். அதைத் தட்டி உட்காரவைக்க என்னிடம் பிளாஸ்டிக் சுத்தியல் இல்லை. செருப்பின் குதிகாலால் தட்டினேன். மேக்னட்டை மாட்டி, கவருக்குப் புது பேக்கிங் தாள் வைத்து மூடினேன். இரண்டாவது உதையில் வண்டி எழுந்துவிட்டது.

மாவுக் கையோடு மனைவி ஓடி வந்தாள். “என்னங்க ஆச்சு? எது போயிருந்தது?”

“கார்பரேட்டர்தான்” என்றேன்.

அடுத்த ஞாயிறு நானே அதை ஓட்டிக்கொண்டு கெலமங்கலம் போனேன். மனைவியும் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்தார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது. சகலை குடும்பம் முன்னமே வந்திருந்தது. மாமனார் வண்டியை வாங்கி, நிலத்துக் கடைசி வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. நாலு வருடமாக நான் தூரத்திலிருந்து பார்த்த சிரிப்பு இப்போது என்னைப் பார்த்து வந்தது.

“என்னங்க கோளாறு?”

எல்லோரும் நின்றிருந்தார்கள். சகலையும் நின்றிருந்தான். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். கீ போட மறந்துட்டேன் மாமா, தம்பி அன்னிக்கே அந்தப் பக்கம் பாக்கலாம்னு சொன்னாரு. அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது.

“கார்பரேட்டர்தான் மாமா. தப்பா மாட்டியிருந்துச்சு. கழட்டி சரியா மாட்டினேன்.”

மாமனார் அவன் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். திட்டு இல்லை, செல்லக் கேலி மாதிரி இருந்தது. அவன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான். பிறகு வண்டியில் படிந்த புழுதியைத் துடைக்கிற மாதிரி இடது பக்கம் குந்தினான். மேக்னட் கவரின் விளிம்பில் புது பேக்கிங் தாள் ஒரு நூலளவு வெளியே தெரிந்தது. நாலு ஸ்க்ரூவின் தலையிலும் புதிதாகத் திருகிய பளபளப்பு. அவன் கட்டைவிரல் அந்த விளிம்பு மேல் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“நல்லா பண்ணிகீறீங்கண்ணா” என்றான்.

அவன் அங்கேயே போட்டு உடைத்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்திவிட்டு, கோபத்தோடு பஸ் ஏறியிருப்பேன். அப்படிச் செய்கிறவன் இல்லை அவன். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவன் இடத்தில் நான் இருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாமனார் என் தோளில் கை போட்டார். “வா அல்லுடு, சாப்புடலாம்.”

பழக்கத்தில் சகலையும் திரும்பினான். என்னைத்தான் கூப்பிட்டார் என்று தெரிந்ததும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டான். நாலு வருடம் காத்திருந்த வார்த்தை. இலையில் கோழிக் காலை எனக்குத்தான் முதலில் வைத்தார்கள். நான் அதை எடுத்துப் பக்கத்திலிருந்த என் பிள்ளையின் இலையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் ஷிப்ட். லைன் ஓட ஆரம்பித்தது. சகலை டப்பாவிலிருந்து கீயை எடுத்து, பள்ளத்தில் வைத்து, சுத்தியலால் உட்காரவைத்தான். வழக்கமாக அதோடு தள்ளிவிடுவான். அன்றைக்கு ஆள்காட்டி விரலால் கீயின் மேல் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் பக்கம் தள்ளினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த என்ஜினுக்கும் இரண்டு தட்டு. அதற்கடுத்ததற்கும்.

இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. மாமனார் எங்கள் இரண்டு பேரையும் அல்லுடு என்றே கூப்பிடுகிறார். கார்பரேட்டர் பக்கம் அவனை விடாதீர்கள் என்று வீட்டில் இன்னும் அவனைக் கேலி செய்கிறார்கள்; அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலையும் முதல் என்ஜின் வந்தபோது, அவன் கீயை வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தள்ளினான்.